வாழ்த்து என்று எத்தனை விதமாக எழுதலாம்

கடதாசிப் பெட்டிக்குள் சூடு ஆறாத பட்டர் கேக், அதன்மேல் மெல்லப் படிந்த பெற்றோல் வாடை. இந்த இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு வயது குறைந்துவிடுகிறது. போன கிழமை அலுவலகத்தில் என் பிரியாவிடைக்கென்று நீங்கள் வரவழைத்த கேக்கை, மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தவர் மேசையில் வைத்தபோது அதுதான் நடந்தது. நான் அழப்போகிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் ஓர் ஓட்டோவின் பின்சீற்றில் இருந்தேன். மடியில் கேக் பெட்டி. முன்னால் கொழும்பின் காலி வீதி, தடுப்புக் கம்பிகளோடு நீண்டு கிடந்தது.

கத்தியை என் கையில் தந்துவிட்டு உங்களில் ஒருத்தி கேட்டீர்கள்: "அக்கா, போறதுக்கு முன்னம் சொல்லிப்போட்டுப் போங்கோ. பண்டிகைக்கு எந்த மாதிரி டிஸ்கவுன்ட் கோட் போடுறது? வீதக் கழிவா, தொகைக் கழிவா, இலவச டெலிவரியா, ரெண்டு வாங்கினா ஒண்டு சும்மாவா?"

வாய் நிறையக் கேக்கோடு தலையை மட்டும் ஆட்டினேன். அந்தப் பதில் ஒரு வாய்க் கேக்கோடு சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

போர்க்காலத்தின் பின்பாதி அது. வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தையல் கடைக்கு மேலே எங்கள் அறை. ரெயில் போனால் கணினித் திரை நடுங்கும். நடுக்கம் நின்றதும் கடல் கேட்கும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் எங்கள் இணையத்தளத்தில் காசு கட்டுவார்கள். கொழும்பில் இருக்கிற அவர்களுடைய ஆட்களுக்கு நாங்கள் கேக், பூங்கொத்து, சேலை, பழக்கூடை கொண்டுபோய்க் கொடுப்போம். அவ்வளவுதான் கடை. வாங்குகிறவர் பனிக்குள் நிற்பார். பெறுகிறவர் வேர்வைக்குள் நிற்பார். நடுவில் நாங்கள் மூன்று பேர்.

அந்த மூவரில் இருவர் எனக்கு அண்ணன்மார், இரண்டு மொழியில். கடையின் சொந்தக்காரரை அண்ணை என்பேன். யாழ்ப்பாணத்துக்காரர், வங்கி வேலையை விட்டு இதைத் தொடங்கியவர். ஓட்டோவில் பொருட்களைக் கொண்டுபோகிறவரை அய்யே என்பேன். சிங்களவர். கொட்டாஞ்சேனையில் தமிழ்ப் பிள்ளைகளோடு தெருவில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்தவர், தமிழிலேயே பகிடி விடுவார். எங்கள் கேக்குகள் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு அடுப்பில் வெந்தன. காலையில் அய்யே அவற்றை ஏற்றிக்கொண்டு நகர நடுவில் இருக்கிற கோட்டைப் பகுதி வழியாக வெள்ளவத்தைக்கு வருவார். கோட்டையில் வீதியை மூடினால் எங்களுக்குக் கேக் இல்லை. அந்த நாட்களில் கோட்டையை அடிக்கடி மூடினார்கள்.

ஒரு தைப்பொங்கலுக்கு முன் முதல் தடவையாகக் கழிவுக் கோட் போடுவதென்று முடிவானது. நான் வீதக் கழிவு என்றேன். எல்லாரும் போடுவது அதைத்தான். அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை.

"பத்து வீதம் எண்டா ஆருக்குப் பிள்ளை லாபம்? பெரிய பழக்கூடை வாங்கிறவனுக்கு. சின்னக் கேக் வாங்கிறவனுக்கு என்ன மிஞ்சும்?"

"அப்ப எல்லாருக்கும் ஒரே தொகையாக் குறைப்பம்."

"அம்மாவுக்கு மலிவில ஒண்டு வாங்கி அனுப்பினன் எண்டு அவனுக்கே ஒரு மாதிரி இருக்கும். பரிசில கை வைக்காதை. ஆக்கள் எந்த இடத்தில வாங்காமத் திரும்பிப் போறாங்கள் எண்டு பார்த்தனியா?"

பார்த்திருந்தேன். கேக்கைத் தேர்ந்து, வாழ்த்தை எழுதி, முகவரியைப் போட்டு, கடைசியில் டெலிவரிக் கட்டணம் தெரிகிற பக்கத்தில்தான் ஆட்கள் நின்று, பிறகு போய்விடுவார்கள்.

"தூரத்துக்குக் காசு கேக்கிறம்," என்றார் அண்ணை. "அவங்கள் அதுக்கு ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறாங்கள்."

இலவச டெலிவரி என்று முடிவானது. வீதக் கழிவு பொருளைச் சின்னதாக்கும். இலவச டெலிவரி தூரத்தைச் சின்னதாக்கும். உங்கள் கடைக்கு வருகிறவரின் மனம் எந்த இடத்தில் சுருங்குகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் குறையுங்கள். மற்ற இடங்களில் குறைத்தால் உங்களுக்கு நட்டம், அவருக்கோ பெரிதாக ஒன்றுமில்லை.

சொல்லையும் அண்ணைதான் தேர்ந்தார்: வாழ்த்து. ரொறொன்ரோவில் ஒரு தமிழ் வானொலியில் விளம்பரம் போனது. "கட்டணம் செலுத்தும் பக்கத்தில் வாழ்த்து என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள்." அறிவிப்பாளர் நாக்கை மடித்து, ழகரத்தை அவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார். அந்த அழகில்தான் எல்லாம் கெட்டது. நாங்கள் பதிந்து வைத்திருந்தது VALTHU. ஆட்கள் அடித்ததோ அவரவர் காதில் விழுந்த மாதிரி. சிலர் VAALTHU. இந்தியப் பத்திரிகை வாசித்துப் பழகியவர்கள் VAZHTHU. தகரத்தை இரட்டித்தவர்கள் இருந்தார்கள். நாக்கு மடிந்த சத்தத்தை ஆர் என்று எண்ணி VARTHU என்று அடித்தவர்களும் இருந்தார்கள். கோட் செல்லாது என்று சிவப்பு எழுத்தில் வந்ததும் மின்னஞ்சலில் கோபித்தார்கள். தமிழைப் பிழையாக எழுதுகிறவர்களிடம் கேக் வாங்க மாட்டேன் என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார்.

"எந்த எழுத்துச் சரி?" என்று அண்ணை கேட்டார்.

"எல்லாமே பிழைதான் அண்ணை. இங்கிலீசில ழ இல்லை."

"அப்ப எல்லாத்தையும் சரியாக்கு."

ஆக்கினேன். வந்த எழுத்துக்கோலங்களை எல்லாம் கோட்டாகப் பதிந்தேன். ஆளுக்கு ஒருமுறை என்ற கட்டுப்பாட்டையும் போட்டேன். கோபங்கள் அடங்கின. இன்றைக்கு நீங்கள் எழுத்தும் இலக்கமும் கலந்த கோட்டுகளைச் செய்கிறீர்கள், அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் ஒருவர் வாயால் சொல்லி இன்னொருவர் காதால் கேட்டு அடிக்கப்போகும் கோட் என்றால், முதலில் உங்கள் அம்மாவுக்கு ரெலிபோனில் சொல்லிப் பாருங்கள். அம்மா என்ன எழுதுகிறாரோ அதுதான் உங்கள் கோட்.

நாங்கள் யோசிக்காமல் விட்டது ஒன்று. மெஷினுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வோர் எழுத்துக்கோலமும் அதற்குத் தனித் தனிக் கோட். ஆளுக்கு ஒருமுறை என்பது அதற்கு, ஒவ்வொரு கோலத்திலும் ஆளுக்கு ஒருமுறை.

அதைக் கண்டுபிடித்தவர் குகன்.

ரொறொன்ரோவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறவர். எங்களிடம் இருந்ததிலேயே மலிவான சின்ன பட்டர் கேக்கைத்தான் வாங்குவார். எங்கள் அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒழுங்கைக்குத்தான் அது போகும். பெறுபவர் வதனி, அவருடைய மனைவி. அந்தக் கேக்கைவிட டெலிவரிக் கட்டணம் கூட. முதல் கிழமை VALTHU. அடுத்த கிழமை VAALTHU. அதற்கடுத்த கிழமை இன்னொன்று. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு சின்னக் கேக், ஒரு புது எழுத்து. நான் கண்டேன். அண்ணையிடம் சொல்லவில்லை. காரணம் அய்யே.

"நங்கி, அந்தக் கேக்கை யாரும் கேக்குன்னு நினைக்கிறதில்ல," என்றார் ஒருநாள், வழமைபோலச் சிங்களத்தில் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டு. பிறகு சொன்னார்.

வதனி வடக்கிலிருந்து வந்தவர். இலங்கைக்கு வர முடியாத குகன் திருச்சிக்கு வந்து, அங்கே தாலி கட்டி, சில நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். வதனி கொழும்பில் ஓர் அறையில் இருந்து விசாவுக்குக் காத்திருந்தார். வீட்டுக்கார அன்ரி விதவை. பிள்ளைகள் எல்லாரும் அவுஸ்திரேலியாவில். கெட்டவர் இல்லை, பயந்தவர். வீட்டில் யார் இருந்தாலும் பொலிஸில் பதிய வேண்டும். எதற்காகக் கொழும்பில் நிற்கிறாய் என்று ஒவ்வொரு சோதனையிலும் கேட்பார்கள். மனுசன் கனடாவில் என்று வதனி சொல்வார். கொழும்பில் அப்படிச் சொல்லாத தமிழ்ப் பெண் யார். "ரெலிபோனில ஆரும் கதைக்கலாம் பிள்ளை, மனுசன் எண்டு நான் என்னத்தைக் கண்டன்?" என்று அன்ரி ஒருமுறை கேட்டாராம். அந்த அறையை விட்டால் வதனிக்கு வேறு அறை இல்லை. வடக்குக்குப் பாதை மூடியிருந்தது. பதிவு இல்லாமல் கொழும்பில் நிற்கவும் முடியாது, விசா நேர்முகத்துக்குப் போகவும் முடியாது.

அப்போதுதான் வெள்ளிக்கிழமைக் கேக்குகள் வரத் தொடங்கின. அய்யே கேற்றடியில் ஓட்டோவை நிறுத்தி, ஒழுங்கை முனையில் காவல் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சிங்களத்தில் கூப்பிடுவார்: "நோனே, மஹத்தயா கேக் எவலா." அம்மணி, உங்கள் அவர் கேக் அனுப்பியிருக்கிறார். அந்த ஒரு வசனத்தில் வதனிக்குப் புருசன் உண்டானார். அயல் கேட்டது. காவலில் நின்றவருக்கு ஒரு துண்டு போனது. அன்ரிக்கு மட்டும் ஒரு குறை.

"வெள்ளிக்கிழமையில முட்டை போட்ட கேக் அனுப்புறான், பார்," என்று கேக்கைச் சனிக்கிழமைக்கு மூடி வைப்பாராம்.

தமிழுக்கு எத்தனை எழுத்துக்கோலம் இருந்தாலும் ஒருநாள் தீர்ந்துதான் போகும். அதற்கு முன்பே அண்ணை கண்டுபிடித்துவிட்டார். மாதக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"இந்தாள் ஒரே ஆளோ?"

"ஓம் அண்ணை."

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம்." வதனியின் கதையைச் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"விளங்குது பிள்ளை. ஆனா இது கடை. இண்டைக்கு ஒராள் கண்டுபிடிச்சான். நாளைக்கு அவன்ட சாப்பாட்டுக்கடை முழுக்கக் கண்டுபிடிக்கும். ஒண்டை மட்டும் விட்டிட்டு மிச்சக் கோட்டை மூடு."

படியேறி வந்துகொண்டிருந்த அய்யே அப்படியே நின்றுவிட்டார். "கோட்டை மூடியாச்சா? திரும்பவுமா? நான் இப்பதானே அந்த வழியா வந்தேன். சாயந்தரம் எப்படி வீட்ட போறது?"

அண்ணைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கோட்டை இல்லை அய்யே. இது டிஸ்கவுன்ட் கோட்."

"அப்படியா," என்று அய்யே கேக் பெட்டிகளை இறக்கி வைத்தார். "இந்த ஊர்ல மூடுறதுக்கு இன்னும் ஒண்ணு மிச்சம் இருந்திச்சா?"

மூடினேன். அண்ணை சொன்னதில் பிழையில்லை. ஓட்டையைக் கண்டால் அடைக்க வேண்டும், அதுதான் எங்கள் வேலை. ஆனால் அந்த ஓட்டையால் யார் மூச்சு விடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு அடைக்க வேண்டும். நான் அடைத்தேன், அதற்குப் பதிலாக ஒன்றும் வைக்கவில்லை.

அடுத்த வெள்ளி காலையில் கணினியைத் திறந்தேன். செல்லாத கோட் என்று மெஷின் திருப்பி அனுப்பியவை திரையில் நிரம்பிக் கிடந்தன. எல்லாம் குகனுடையவை. ஏ இரண்டு, ஏ மூன்று, எச் முன்னால், எச் பின்னால், எல் இரட்டித்து, கடைசி யூவை விட்டு, பிறகு மறுபடி போட்டு. உலகத்தில் எவரும் வாழ்த்து என்று எழுதியிராத எழுத்துகளில் எல்லாம் அந்த மனிதர் வாழ்த்து என்று எழுதியிருந்தார். கேக் மட்டும் வாங்கப்படவில்லை.

அந்த நேரத்தில் அய்யே வந்தார். பகிடி இல்லாத முகம்.

"நங்கி, கனடாக் கேக் இல்லையா இன்னைக்கு? அந்த ஒழுங்கையில நேத்திலிருந்து வீடு வீடா செக்கிங். மிச்சம் இருக்கிற வீடுகளுக்கு இன்னைக்குக் காலையில வர்றாங்களாம். பிள்ளையை வேற இடம் பார்க்கச் சொல்லிட்டாங்களாம் அன்ரி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு கேக்கைச் சும்மா கொண்டுபோய்க் குடுக்கிறேன். வழமை மாதிரி அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன். யாருக்குத் தெரியும்?"

கேக் அலுமாரியில் இருந்தது. விலை என் கைப்பையில் இருந்தது. ஆம் என்று சொல்ல நாக்கு எழும்பியது. ஆனால் பொலிஸ் நிற்கிற வாசலில், குகன் அனுப்பாத கேக்கைக் குகன் அனுப்பினார் என்று சொல்லி, யாராவது அவருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டால்? ஒன்றுமறியாத அந்த மனிதர் நான் அனுப்பவில்லையே என்பார். அந்த ஒரு பொய், அதுவரை போன உண்மையான கேக்குகள் அத்தனையையும் பொய்யாக்கிவிடும். கேக் போக வேண்டும். அவர்தான் அனுப்ப வேண்டும்.

அண்ணையைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். ஒவ்வொன்றாக வாய்க்குள் வாசித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"எல்லா எழுத்திலயும் தட்டியிருக்கிறான்," என்றார். கணினியில் தட்டுவதையும் கதவில் தட்டுவதையும் ஒரே சொல்லால் சொல்கிற மொழி எங்களுடையது. அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

"அவனுக்கெண்டு தனியா ஒரு கோட் போடு. அவன் ஒராளுக்கு மட்டும். இந்தக் கேக், இந்த முகவரி, வேறொண்டுக்கும் செல்லாது. எத்தினை தரமும் பாவிக்கலாம்."

"பேர்?"

"அந்தப் பிள்ளையின்ட பேர்தான். அதையாவது ஒரே மாதிரி எழுதுவான்."

VATHANI என்று பதிந்தேன். மெஷின் முடிவுத் திகதி கேட்டது. வெறுமையாக விட்டால் ஏற்காது.

"விசா வாற திகதியைப் போடு," என்றார் அண்ணை.

"அது எப்ப அண்ணை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கேக் விக்கிறன்?"

அந்த நாட்களில் கொழும்பில் எதற்கும் முடிவுத் திகதி தெரியாது. அண்ணை குனிந்து, நாட்காட்டியைத் தள்ளிக்கொண்டே போய், அந்த மெஷினுக்குத் தெரிந்த கடைசி வருடத்தில் கடைசி நாளை அழுத்தினார். பிறகு குகனுடைய இலக்கத்துக்கு ரெலிபோன் எடுத்தார். கோப்பைகள் முட்டுகிற சத்தத்துக்குள் ஒரு குரல் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியது. "அதை விடும் தம்பி," என்றார் அண்ணை. "மனுசியின்ட பேரை இங்கிலீசில எழுதத் தெரியுமோ? வி-ஏ-ரி-எச்... சரி, அடியும் கெதியா." கடல் பக்கம் ஒரு ரெயில் போய் முடிவதற்குள் திரையில் அந்தக் கேக் வந்து விழுந்தது.

அன்றைக்கு நானும் ஓட்டோவில் ஏறினேன். கேக் பெட்டி என் மடியில். அய்யே அவ்வளவு வேகமாக ஓட்டி நான் கண்டதில்லை. கேற்றடியில் ஒரு பொலிஸ்காரர் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி ஒரு பக்கம், வதனி மறுபக்கம். வதனியை அன்றுதான் முதலில் கண்டேன். மெலிந்த, நிமிர்ந்த பெண். காலடியில் ஒரு பயணப் பை கட்டித் தயாராக இருந்தது.

அய்யே இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, ஒழுங்கை முழுக்கக் கேட்க: "நோனே, மஹத்தயா கேக் எவலா."

பொலிஸ்காரர் திரும்பினார். பெட்டியில் ஒட்டியிருந்த துண்டை வாசித்தார். அனுப்புபவர், பெறுபவர், அதற்குக் கீழே கோட் என்று ஒரு சொல். இரகசியச் சங்கேதம் என்று பிடித்துவிடுவார்கள் என்று, அந்தக் காலத்தில் கோட் என்ற சொல்லைத் தமிழர் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். அவர் விரல் அதில் நின்றது.

"மேக்க மொக்கத்த?" இது என்ன?

"டிஸ்கவுன்ட், சேர்," என்றார் அய்யே.

"எதுக்கு டிஸ்கவுன்ட்?" என்று சிங்களத்திலேயே கேட்டார்.

அய்யே கொஞ்சம் யோசித்தார். "துரட்ட, சேர்," என்றார். தூரத்துக்கு. இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சொல்.

பொலிஸ்காரர் அய்யேயைப் பார்த்தார், பிறகு வதனியை. "மெயாகே மஹத்தயாத?" இவளுடைய புருசனா என்று அன்ரியைக் கேட்டார்.

அன்ரி கேக் பெட்டியைப் பார்த்தார்.

"ஓம்," என்றார் தமிழில், பிறகு நினைவு வந்து சிங்களத்தில், "ஒவ், ஒவ்." பிறகு எங்கள் எல்லாருக்குமாகச் சேர்த்துத் தமிழில்: "வேற ஆரும் எண்டா நாள் கிழமை பார்த்து அனுப்பியிருப்பான். வெள்ளிக்கிழமையில முட்டைக் கேக் அனுப்புறவன் புருசனாத்தான் இருப்பான்."

அய்யே அதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டார். பொலிஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அன்ரி குனிந்து அந்தப் பயணப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். வதனி கேக்கை என்னிடமிருந்து வாங்கினார்.

எந்தக் கோட் என்று கேட்டீர்கள். எல்லாருக்கும் போடுங்கள், கட்டுப்பாடும் போடுங்கள், ஓட்டைகளையும் அடையுங்கள். ஆனால் மெஷின் திருப்பி அனுப்பிய கோட்டுகளைக் காலையில் ஒருமுறை பாருங்கள். அங்கே கள்ளர் இருப்பார்கள். தட்டிக்கொண்டு நிற்கிறவரும் இருப்பார். இருவரும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். பிரித்துப் பார்க்கிற வேலைக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

விசா வந்தது. மழை பிடித்திருந்த ஒரு பின்னேரம், அய்யே சொந்தக்காரர் ஒருவரின் வானை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார், வதனியைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக. போகிற வழியில் எங்கள் படியடியில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் வதனி. நான் இறங்கிப் போனேன். பக்கத்தில் அன்ரி அழுது வீங்கிய முகத்தோடு குடை பிடித்து நின்றார். கேற்றிலிருந்து அங்கே வரை நடந்தே வந்திருந்தார். வானில் ஒரு கால் வைத்த பிறகு வதனி திரும்பி, அன்ரிக்குக் கேட்காமல் என் காதுக்குள் சொன்னார்.

"அக்கா, கோட்டை மூடிப்போடாதேங்கோ. போய்ச் சேர்ந்த உடன அன்ரிக்கு ஒரு கேக் அனுப்போணும். இனி வெள்ளிக்கிழமையில அவவை ஆரும் கேற்றில நிண்டு கூப்பிட மாட்டினம்."

முன்சீற்றில் இருந்த அய்யேக்குக் காது கூர்மை.

"கோட்டை திறந்துதான் இருக்கு நங்கி," என்றார். "காலையிலயே பார்த்திட்டுத்தான் வந்தேன். ஏறுங்க."